பாறையைத் தாளில் நிறுத்துதல்: நவீன நீர்வண்ணமும் கரடுமுரடான கடற்கரையும்

1948-இல் அமெரிக்காவின் ‘லுக்’ இதழ் அருங்காட்சியகத் தலைவர்களிடமும் கலை விமர்சகர்களிடமும் நாட்டின் தலைசிறந்த ஓவியர்கள் யார் என்று கேட்டது. முதலிடம் ஜான் மாரினுக்குக் கிடைத்தது. அவருக்கு அப்போது வயது 77. ஜாக்சன் பொல்லாக்கின் பெயரை உலகறியச் செய்த விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க்கும் அதே ஆண்டில், வாழும் அமெரிக்க ஓவியர்களில் முதல்வர் யார் என்ற பேச்சு எழுந்தால் மாரினை விட்டுவிட்டுப் பேச முடியாது என்ற பொருளில் எழுதினார். 1950-இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியின் அமெரிக்க அரங்கில் பாதி இடம் மாரின் ஒருவருக்கே ஒதுக்கப்பட்டது. பொல்லாக், டி கூனிங், கார்க்கி உள்ளிட்ட ஆறு ஓவியர்களும் மறுபாதியைத்தான் பகிர்ந்துகொண்டார்கள்.

இன்று பொல்லாக்கைத் தெரியாத கலை மாணவர் இல்லை. மாரினைத் தெரிந்தவர்களைத் தேடத்தான் வேண்டும். அவருடைய புகழ் பெரும்பாலும் நீர்வண்ணத்தாலும், அதிலும் குறிப்பாக மேய்ன் மாநிலத்துப் பாறைக் கரைகளை வரைந்த தாள்களாலும் வந்தது. கரடுமுரடான கடற்கரையை நவீன ஓவியர்கள் ஏன் நீர்வண்ணத்தில் வரைய முனைந்தார்கள், அதில் எதைச் சாதித்தார்கள், அந்தச் சாதனை ஏன் பார்வையிலிருந்து மறைந்தது என்ற கேள்விகளை ஒன்றாக வைத்துப் பார்க்க மாரின்தான் சரியான தொடக்கம்.

முதலில் ஊடகத்தின் இயல்பு. தைல வண்ணத்துக்கு உடம்பு உண்டு. தடித்துப் பூசலாம், காய்ந்தபின் மேலே மீண்டும் பூசலாம், பிழையை மூடலாம். பாறையின் சொரசொரப்பைத் தூரிகையாலோ கத்தியாலோ அப்படியே மேடாக எழுப்பிவிடலாம். நீர்வண்ணம் தாளில் ஊறிய கறை. அதற்குக் கனம் கிடையாது. வெளிச்சம் வண்ணத்தை ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அது ஒளிர்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராணுவ நிலப்பட வரைஞர்களும் பயணிகளும் அதைப் பயன்படுத்தினார்கள். பால் சாண்ட்பி வூலிச் ராணுவக் கல்லூரியில் ஓவிய ஆசிரியராக இருந்தது அதனால்தான். அடுத்த நூற்றாண்டில் அது வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்ற பெயரையும் வாங்கியது. மென்மை, விரைவு, சிறிய அளவு: இவைதான் அதன் குணங்களாகச் சொல்லப்பட்டன. ஆங்கில ஓவியர் டர்னர் அதில் புயலையே எழுப்பிக் காட்டிய பிறகும் இந்தப் பெயர் போகவில்லை.

இந்தப் பெயரை அமெரிக்காவில் உடைத்தவர் வின்ஸ்லோ ஹோமர். 1881, 1882 ஆண்டுகளில் வட இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் மீனவ ஊரில் தங்கி வரைந்தார். 1883-இல் மேய்னின் பிரவுட்ஸ் நெக் முனையில் குடியேறினார். 1910-இல் இறந்ததும் அங்கேதான். ஈர வண்ணத்தைத் துணியால் ஒற்றியெடுப்பது, காய்ந்த இடத்தைக் கத்தி முனையால் சுரண்டித் தாளின் வெண்மையை நுரையாக வெளியே கொண்டுவருவது போன்ற வழிகளால் நீர்வண்ணத்துக்கு அவர் முரட்டு வலிமை கொடுத்தார். ஆனால் ஹோமரின் கடலில் அடிவானம் இருக்கிறது. பார்ப்பவருக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது. அலை வருகிறது, பாறையில் மோதுகிறது, சிதறுகிறது. ஒரு நிகழ்ச்சியைத் தூரத்திலிருந்து பார்க்கிறோம். நவீன ஓவியர்கள் முதலில் எடுத்துவிட்டது அந்த நிற்கும் இடத்தைத்தான்.

அதற்கான துணிவு பிரெஞ்சு ஓவியர் செசானிடமிருந்து வந்தது. அவருடைய பிற்கால நீர்வண்ணங்களில் தாளின் பெரும்பகுதி வெறுமையாகவே இருக்கும். சில வண்ணத் திட்டுகளும் ஒன்றிரண்டு பென்சில் கோடுகளும் மட்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். புகைப்படக் கலைஞரும் காட்சியக உரிமையாளருமான ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907-இல் பாரிஸில் இவற்றை முதன்முறையாகப் பார்த்தபோது சிரித்தார். வெற்றுத் தாளில் நாலு கறை என்றுதான் அவருக்குத் தோன்றியது. 1911-இல் அதே ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கின் ஐந்தாவது நிழற்சாலையிலிருந்த தன் ‘291’ காட்சியகத்தில் செசானின் நீர்வண்ணங்களை மாட்டினார். இந்த நான்காண்டு மனமாற்றம் அமெரிக்க நவீன ஓவியத்தின் முக்கியமான திருப்பங்களில் ஒன்று என்று நான் கருதுகிறேன். வரையாமல் விட்ட இடமும் ஓவியத்தின் உறுப்பே என்பது அந்தக் காட்சியகத்தின் சுவர்களில் நிலைபெற்றது. அந்தச் சுவர்களில் 1909 முதலே தொங்கிக்கொண்டிருந்தவை மாரினின் தாள்கள்.

மாரின் 1870-இல் நியூஜெர்சியின் ரதர்ஃபோர்டில் பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்து தாய்வழிப் பாட்டி வீட்டில் வளர்ந்தார். ஓவியராகும் முன் கட்டடக் கலைஞராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். 30 வயதை நெருங்கும்போதுதான் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1905-இல் ஐரோப்பா போய், செம்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிடும் எட்சிங் படங்களில் ஊறினார். திரும்பி வந்ததும் அவரைப் பற்றிக்கொண்டது நியூயார்க்கின் உயரம். அப்போது எழும்பிக்கொண்டிருந்த வுல்வொர்த் கட்டடத்தை, சாய்ந்து நடுங்கும் உயிருள்ள ஒன்றாக நீர்வண்ணத்தில் வரைந்தார். 1913-இல் அந்தப் படங்களுக்கு அவர் எழுதிய விளக்கத்தின் சாரம் இது: பெரிய திணிவுகள் சிறியவற்றை இழுக்கின்றன, சிறியவையும் பெரியவற்றை இழுக்கின்றன. நகரம் அப்படி இழுபட்டு நிற்கும் விசைகளின் கூட்டம்.

1914 கோடையில் அவர் முதன்முறையாக மேய்ன் கரைக்குப் போனார். ஓராண்டுக் குடும்பச் செலவுக்கென்று ஸ்டீக்லிட்ஸ் கொடுத்த பணத்தில் அங்கே ஒரு தீவையே வாங்கிவிட்டார். அந்தத் தீவில் குடிநீர் இல்லை. ஸ்டீக்லிட்ஸ் கோபித்துக்கொண்டாலும் ஆதரவை நிறுத்தவில்லை. பிறகு நாற்பது ஆண்டுகள், சில இடைவெளிகளோடு, மாரினின் கோடைகள் அந்தக் கரையிலேயே கழிந்தன. முதலில் காஸ்கோ விரிகுடாப் பக்கம், பிறகு ஸ்டோனிங்டன், கடைசியாக 1934-இல் வீடு வாங்கிய கேப் ஸ்பிளிட். 1953-இல் அங்கேதான் காலமானார்.

அந்தக் கரையின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய படங்கள் விளங்காது. நேர்கோட்டில் அளந்தால் மேய்ன் கரை 370 கிலோமீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு வளைவையும் நுழைவாயையும் தீவையும் சேர்த்து அளந்தால் 5,500 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பனியுகத்தில் பனிப்பாறைகள் அரைத்துச் செதுக்கிய நிலத்தின் மேல், பிறகு கடல் ஏறியது. முன்பு மலைமுகடுகளாக இருந்தவை இப்போது தீவுகள். பள்ளத்தாக்குகளாக இருந்தவை கடல் நீளும் கால்வாய்கள். வடகிழக்கே போகப் போக ஓதத்தின் ஏற்ற இறக்கமும் கூடும். போர்ட்லாந்தில் அது சராசரி மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு, கனடா எல்லையிலுள்ள ஈஸ்ட்போர்ட்டில் ஐந்தரை மீட்டருக்கு மேல். காலையில் பார்த்த பாறை மதியம் இருக்காது, மதியம் இல்லாத திட்டு மாலையில் முளைத்து நிற்கும். நிலையான காட்சி என்று ஒன்றை ஓவியருக்குத் தராத கரை இது. தூக்கிச் செல்ல எளிதான, சில மணி நேரத்தில் முடிந்துவிடும் ஊடகம் அங்கே வசதி மட்டும் கருதித் தேர்ந்ததாக இருக்க முடியாது. கரை மாறுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்கக்கூடியது அது ஒன்றே.

இன்னொரு தொடர்பையும் சொல்ல வேண்டும். ஸ்டோனிங்டன் கருங்கல் வெட்டும் ஊர். நியூயார்க்கின் பாலங்களுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் அங்கிருந்து கல் போனது. குளிர்காலத்தில் நகரத்தையும் கோடையில் தீவுகளையும் வரைந்த மாரின், ஒரே கல்லின் இரண்டு வாழ்க்கைகளைத்தான் வரைந்துகொண்டிருந்தார். நகரப் படங்களில் கண்ட இழுவிசையைத் தீவுகளிலும் அவர் கண்டது இயல்பானதே.

வாஷிங்டனில் பிலிப்ஸ் சேகரிப்பிலுள்ள ‘மேய்ன் தீவுகள்’ (1922) படத்தை எடுத்துக்கொள்வோம். ஓரங்களில் கனமான, சாய்ந்த, முறிந்த கோடுகள். படத்துக்குள்ளேயே இன்னொரு சட்டம் போல அவை அமைகின்றன. நடுவே நீலத் தீவுகள், அவற்றைச் சுற்றி ஏறக்குறைய தொடப்படாத வெண்தாள். தீவுகளை வரைந்த வண்ணத்தில் கல்லின் மேற்பரப்பைப் பற்றிய விவரமே இல்லை. ஆனாலும் அவை கனக்கின்றன. ஓரக் கோடுகள் உள்ளே அழுத்துகின்றன, வெண்மை வெளியே தள்ளுகிறது, அந்த அழுத்தத்துக்கு நடுவில் தீவு அசையாமல் நிற்கிறது. பாறையின் கனத்தைப் பாறைக்குள் தேடாமல், பாறையைச் சுற்றியுள்ள விசைகளில் மாரின் வைத்துவிட்டார். நவீன நீர்வண்ணம் கடற்கரையில் கண்டடைந்த பெரிய விஷயம் இதுதான் என்பது என் முடிவு. உடம்பில்லாத ஊடகம் கருங்கல்லைத் தூக்கி நிறுத்த வேறு வழி இருந்திருக்காது.

மாரினைப் பற்றி எழுதியவர்களில் பலர் அவரை உணர்ச்சிவேகத்தில் கை போன போக்கில் வரைந்தவராகவே காட்டினார்கள். இரண்டு கைகளாலும் வரைவார் என்ற செய்தி இந்தப் பிம்பத்துக்கு நன்றாகவே உதவியது. சிகாகோ கலைக் கழகம் 2011-இல் நடத்திய கண்காட்சியை ஒட்டிப் பாதுகாப்பு வல்லுநர்கள் மாரினின் தாள்களை நெருங்கி ஆராய்ந்தார்கள். ஸ்டீக்லிட்ஸ் இறந்தபின் அவருடைய மனைவியும் ஓவியருமான ஜார்ஜியா ஓ’கீஃப் 1949-இல் அந்தக் கழகத்துக்கு வழங்கிய சேகரிப்பில் இருந்தவை அவை. அவர்கள் கண்டது வேறு: தாளைத் தேர்ந்தெடுப்பதிலும், எங்கே ஊறவிடுவது, எங்கே உலர்ந்த தூரிகையை இழுப்பது, எங்கே சுரண்டுவது, எங்கே கரிக்கோல் கோட்டால் வண்ணத்தை நிறுத்துவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. தாளை ஒட்டும் அட்டையையும் வெளிச்சட்டத்தையும் கூடத் தானே அமைத்து, சிலவற்றில் வண்ணமும் பூசி, படத்தின் தொடர்ச்சியாக்கினார். இது கட்டடக் கலைஞரின் புத்தி. எந்தக் கோடு எதைத் தாங்குகிறது என்று தெரிந்தவருக்கே எதை விட்டுவிடலாம் என்பதும் தெரியும்.

இதைச் சொல்லும்போது அட்லாண்டிக்குக்கு அப்பால் இன்னொரு கட்டடக் கலைஞர் நினைவுக்கு வருகிறார். கிளாஸ்கோ கலைப் பள்ளியைக் கட்டிய சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ். வேலை வாய்ப்புகள் வற்றிப்போக, 1923-இல் மனைவி மார்கரெட் மெக்டொனால்டுடன் பிரான்ஸின் தென்கோடிக்குப் போனார். பிரனீஸ் மலை மத்தியதரைக் கடலில் இறங்கும் இடத்திலுள்ள போர்-வாந்த்ர் துறைமுகமே பிறகு அவர்களுக்கு இருப்பிடமானது. கட்டடக் கலையைக் கைவிட்டு நீர்வண்ணம் மட்டுமே வரைந்தார். 1927-இல் நாக்கில் புற்றுநோயோடு லண்டன் திரும்பி அடுத்த ஆண்டு இறந்தார். பிரான்ஸில் வரைந்தவற்றில் இன்று இருப்பவை சுமார் 40.

மாரின் வேகமென்றால் மெக்கின்டாஷ் நிதானம். ஒரே தாளுக்கு வாரக்கணக்கில் உட்கார்ந்தார். ‘பாறை’ (1927) என்ற படத்தில் முன்னே எழும் கற்திரளும் பின்னே தெரியும் ஊரும் ஒரே கையால் வெட்டப்பட்டவை போலிருக்கும். கல்லின் ஒவ்வொரு முகமும் தனித்தனித் தளமாக, கூர்மையான விளிம்போடு நிற்கிறது. இயற்கை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. ‘ரூ டு சொலேய்’ (1926) என்ற படத்தில் துறைமுக நீரில் விழும் பிரதிபலிப்பைக் கூட உறைந்த பின்னலாக்கிவிட்டார். அலை இல்லை, ஆள் இல்லை, நேரம் கூட இல்லை. மாரினின் கடற்கரை விசைகளால் நிற்கிறது, மெக்கின்டாஷின் கடற்கரை விளிம்புகளால் நிற்கிறது. வெளிப்படையாக எதிரெதிரானவை. ஆனால் இருவருமே கல்லின் தோலை விட்டுவிட்டு அதன் கட்டமைப்பைப் பிடித்தார்கள். மெக்கின்டாஷின் பணி அன்று யார் கண்ணிலும் படவில்லை. 1933-இல் மார்கரெட்டும் இறந்தபோது அவர்களுடைய பணியறைகளில் இருந்த அத்தனைக்கும் சேர்த்துப் போடப்பட்ட மதிப்பு 88 பவுண்டுகளும் சில்லறையும். அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அமெரிக்காவின் எட்வர்ட் ஹாப்பர் 1920-களில் மாசசூசெட்ஸின் கிளாஸ்டரிலும் மேய்னிலும் நீர்வண்ணத்தில் வரைந்தார். 1923-இல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருடைய ‘மான்சார்ட் கூரை’யை 100 டாலருக்கு வாங்கியது அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சி. ஆனால் ஹாப்பரின் மனம் கரையைவிடக் கரையிலுள்ள வீட்டிலும் கலங்கரை விளக்கத்திலும் அவற்றின் மேல் விழும் வெயிலிலும்தான் இருந்தது. ஜெர்மனியின் எமில் நோல்டே ஜப்பானியத் தாளில் வண்ணத்தை ஊறவிட்டு வடகடலையும் மேகத்தையும் கொதிக்க வைத்தார். அவருடைய கரை தாழ்ந்த சதுப்பு நிலம், பாறை அதில் இல்லை. நாஜிகள் அவருடைய படங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றினார்கள், ஆனால் அவரே நாஜிக் கொள்கையை உறுதியாக ஆதரித்தவர். இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அவருடைய படங்களைப் புகழ்வது சரியாகாது.

இங்கிலாந்தில் எரிக் ரவிலியஸ் தனி வழி கண்டார். சசெக்ஸ் கரையின் செங்குத்துப் பாறைகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை, வெண்மையானவை. அந்த வெண்மைக்குத் தாளின் வெண்மையே போதும் என்று கண்டுகொண்டு, ஈரம் குறைந்த தூரிகையால் மெல்லிய இழைகளாகக் கோடிட்டார். மரச்செதுக்கு அச்சில் பழகிய கை அது. பீச்சி ஹெட் முனையை வரைந்த படங்களில் பாறை ஏறக்குறைய வெளிச்சமாகவே மாறிவிடுகிறது. போர்க்கால ஓவியராக நார்வேக்கும் வட கடல்களுக்கும் போன அவர், 1942 செப்டம்பரில் ஐஸ்லாந்துக்கு அருகே விமானத்தோடு காணாமல் போனார். வயது 39. கிரகாம் சதர்லாண்டின் வழி வேறு. 1934 முதல் வேல்ஸின் பெம்புரோக்‌ஷயர் கரைக்குத் திரும்பத் திரும்பப் போய், இடத்தில் குறிப்பு மட்டும் எடுத்து, பிறகு நினைவிலிருந்து வரைந்தார். பாறையும் வேரும் முள்செடியும் அவர் கையில் உயிரினங்களாக உருமாறின. அந்தப் படங்களின் இருண்ட கனவுத்தன்மை என்னை ஈர்க்கிறது. ஆனாலும் அங்கே கடற்கரை ஓவியரின் மனநிலைக்கு உடையாகிவிடுகிறது. மாரினிடமும் ரவிலியஸிடமும் கரை தன் உரிமையை இழக்கவில்லை.

மாரினை அரூப ஓவியத்தின் முன்னோடி என்று சொல்வது உண்டு. 1922-இன் தாள்களுக்கும் 1950-களின் பெரிய அரூபத் திரைச்சீலைகளுக்கும் இடையே தொடர்பு காண்பது கடினமல்ல. ஆனால் மாரின் அந்த அடையாளத்தை விரும்பவில்லை. ஓவியர் மலையையும் கடலையும் பாறையையும் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய உறுதி. இதை நான் ஏற்கிறேன். ஓதம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் அவருடைய கோடுகளுக்குக் காரணம் இருந்தது. காரணம் தளர்ந்தபோது கோடும் தளர்ந்தது. 1930-களுக்குப் பிந்தைய சில படங்களில் நெளிகோடும் உட்சட்டமும் பழக்கத்தின் பேரில் வந்து நிற்கின்றன. தைல வண்ணத்தில் அவர் வரைந்த கடல்கள் சில வலுவானவை, பல திணறுபவை. தாள் வெண்மையாகத் தானே செய்துவந்த வேலையைத் திரைச்சீலையில் வெள்ளை வண்ணத்தால் செய்ய வேண்டியிருந்தது, அது பெரும்பாலும் கைகூடவில்லை.

இத்தனைக்குப் பிறகும் இந்த மரபு ஏன் மறைந்தது? அளவு ஒரு காரணம். 1950-களில் அமெரிக்க ஓவியம் சுவர் முழுவதையும் நிரப்பத் தொடங்கியது. மடியில் வைத்து வரைந்த தாள் அதன் பக்கத்தில் சிறிதாகிவிட்டது. ஆனால் அதைவிட ஆழமான காரணம் தாளிலேயே இருக்கிறது. நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளிறும். அதனால் அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவிலான மங்கிய ஒளியில், சில மாதங்கள் மட்டுமே இவற்றை மாட்டும். பிறகு ஆண்டுக்கணக்கில் இருட்டுப் பெட்டியில். இந்த எச்சரிக்கை தேவையானதே. ஹோமரின் 1887-ஆம் ஆண்டு நீர்வண்ணம் ஒன்றில், வயலில் நிற்கும் சிறுவனுக்குப் பின்னால் வானம் இன்று வெளிறிய வெள்ளை. சிகாகோ வல்லுநர்கள் ஆராய்ந்தபோது அங்கே கொச்சினீல், மஞ்சிட்டி வகைச் சிவப்புகளின் எச்சம் கிடைத்தது. சிவந்த அந்தி வானம் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. ஆனால் இருட்டில் காக்கப்படும் படத்துக்கு ஒரு விலை உண்டு. எப்போதும் சுவரில் தொங்கும் படத்தையே மக்கள் பார்க்கிறார்கள், ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள், பாடநூல்கள் அச்சிடுகின்றன. அருங்காட்சியகங்களில் நீர்வண்ணம் பெரும்பாலும் ஓவியப் பிரிவில் இல்லாமல் அச்சுப்படங்களும் கோட்டோவியங்களும் இருக்கும் பிரிவில்தான் பதிவாகிறது. அதனால் ஓவிய வரலாற்றைக் கூடம் கூடமாக நடந்து கற்பவருக்கு மாரின் எதிர்ப்படுவதே இல்லை. தரத்தில் தோற்றதால் இவர்கள் மறக்கப்படவில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இந்த நிலையை வாசகர் ஓரளவு மாற்ற முடியும். சிகாகோ, வாஷிங்டன், நியூயார்க், லண்டன் போன்ற நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்களுக்கென்று படிப்பறைகள் உண்டு. ஆய்வாளர் அல்லாதவரையும் அனுமதிப்பவை அவற்றில் பல. முன்கூட்டி எழுதி, எந்தப் படங்கள் வேண்டும் என்று குறிப்பிட்டு நேரம் கேட்டால், பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துக் காட்டுவார்கள். அந்த ஊர்களில் வாழும் தமிழர்களும் அங்கே போகிறவர்களும் ஒரு முற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். மாரினின் தீவுகளைக் கேளுங்கள், ஹோமரின் அலைகளைக் கேளுங்கள். கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கிடைத்தால் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: தூரிகை ஊறிய இடமும் கத்தி கீறிய இடமும் அச்சுப் பிரதியில் ஒருபோதும் தெரிவதில்லை.